டேட்டாபேஸ்ல என்ன இருக்குன்னு டேட்டாபேஸ்கிட்டயே கேளுங்க, ஆனா எந்த லாகின்ல கேக்குறீங்கன்னு மொதல்ல பாருங்க

"டெலீட் 46". ஸ்கிரீன்ல வந்தது அவ்வளவுதான். டூப்ளிகேட்டா இருந்த பார்ட்டி, அதாவது கம்பெனியோட வியாபாரம் பண்றவங்க பேர், 46, அழிஞ்சு போன ரோவும் (டேபிள்ல ஒரு வரி) 46, கணக்கு சரியா இருக்குன்னு கமிட் பண்ணிட்டு நானும் எங்க லீட் அண்ணாவும் நிம்மதியா வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலைல ஒன்பது மணி கூட ஆகல, ஸ்டோர்ல இருந்து போன். "கண்ணு, நாங்க ஏத்தி வச்ச ஜாப் ஒர்க் டிசில நெறையக் காணோமே, நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?"

ஜாப் ஒர்க்குங்கறது வெளி யூனிட்டுக்கு வேலைக்கு அனுப்புறது, டிசிங்கறது அப்ப போடற டெலிவரி சலான். நாங்க ஜாப் ஒர்க் டேபிளையே தொடல. அதனால "இல்லீங்கண்ணா, நாங்க பார்ட்டி மாஸ்டர் மட்டும்தான் கிளீன் பண்ணோம்"னு உறுதியா சொன்னேன். அப்புறம் எண்ணிப் பாத்தா நானூத்திச் சொச்சம் டிசி இல்ல. அது லைவ் சிஸ்டம் இல்ல, புது வெர்ஷனுக்காக பேரலல் ரன், அதாவது லைவுக்குப் பக்கத்துலயே சோதனையா, ஓடிட்டிருந்த காப்பிதான், ஆனா அதுல ஸ்டோர் அண்ணனும் கூட ரெண்டு அக்காவும் ஷிப்ட் முடிஞ்சப்புறம் தினமும் ஒரு மணி நேரம் உக்காந்து ஏத்துன என்ட்ரி இருந்துச்சு, அவங்க வேலை அது. முந்தின நாள் ராத்திரி பேக்கப்புல இருந்து எடுத்துட்டோம், ஒரு நாள் என்ட்ரி மட்டும் அவங்க திரும்பப் போட வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு அவங்க மூணு பேரும் திரும்ப உக்காந்து டைப் பண்ணத நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அத மறக்க முடியல, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

விஷயம் என்னன்னா, திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, அவங்க ஈஆர்பி (பார்ட்டி, ஸ்டாக், டிசி எல்லாம் பாக்குற சாஃப்ட்வேர்) போஸ்ட்கிரெஸ்ங்கற டேட்டாபேஸ்ல ஓடுது, எழுதிக் கொடுத்த பழைய டீம் கிளம்பி பல வருஷம் ஆச்சு. எங்க கைக்கு வந்தது ஒரு எக்செல் ஷீட்டும் ஒரு லாகினும். ஷீட்ல 112 டேபிள் பேர் இருந்துச்சு. டேட்டாபேஸ்ல எத்தனன்னு கேட்டா அதுல பாதி பேர் இப்ப இல்ல, ஷீட்ல இல்லாத டேபிள் மூணு மடங்கு இருக்கு. அதனால டாக்குமென்ட்ட மூடி வச்சுட்டு, டேட்டாபேஸ் தன்னப் பத்தி தானே என்ன சொல்லுதுன்னு அதுகிட்டயே கேப்போம்னு ஆரம்பிச்சேன். அந்த முடிவு இப்பவும் சரின்னுதான் சொல்வேன், தப்பு நான் கேட்ட விதத்துலதான்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு வார்த்தை. எந்த ரிலேஷனல் டேட்டாபேஸ எடுத்தாலும் டேபிள், காலம் (நேரம் இல்ல, டேபிளோட column), கீ, வியூ (டேபிள் மாதிரியே கேக்கக்கூடிய, சேமிச்சு வச்ச கொய்ரி), ட்ரிக்கர் (ரோ மாறினா தானா ஓடற கோடு), பங்ஷன் எல்லாம் எங்கெங்க எப்படி டிஃபைன் ஆயிருக்குன்னு அது தனக்குன்னு சில டேபிள்லயே எழுதி வச்சிருக்கும். அதத்தான் கேட்டலாக்னு சொல்றாங்க, ஆரக்கிள்காரங்க டேட்டா டிக்ஷனரின்னு சொல்வாங்க. நீங்க கிரியேட் டேபிள் அடிக்கும்போது உள்ளுக்குள்ள அந்தக் கேட்டலாக்ல சில ரோ ஏறுது. அதனால நாம ஆர்டர் டேபிள்ல செலக்ட், அதாவது படிக்கற கட்டளை, போடுற மாதிரியே கேட்டலாக்லயும் செலக்ட் போட்டுக் கேக்கலாம்.

இதுல எல்லா டேட்டாபேஸுக்கும் பொதுவா இருக்கட்டும்னு 1992 எஸ்கியூஎல் ஸ்டாண்டர்ட்ல ஒரு வியூ கூட்டம் வச்சாங்க, இன்ஃபர்மேஷன் ஸ்கீமான்னு பேரு. போஸ்ட்கிரெஸ்ல 7.4ல வந்துச்சு, மைஎஸ்கியூஎல்ல 5.0ல. அதே கம்பெனில அட்டென்டன்ஸும் சம்பளமும் மைஎஸ்கியூஎல்ல ஓடுதுங்கறதால, ரெண்டுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் போதும்னு நான் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவையே பிடிச்சுக்கிட்டேன். டேபிள் லிஸ்ட் வந்துச்சு, காலம் லிஸ்ட் வந்துச்சு, டைப்பு, நல் விடலாமா கூடாதா, டிஃபால்ட் எல்லாம் அழகா வந்துச்சு. அப்புறம் டேபிளுக்குப் போட்ட விதியெல்லாம் காட்டுற டேபிள் கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் வியூல ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளோட ரோவ இன்னொரு டேபிளோட ரோவோட கட்டி வைக்கிற விதி, மட்டும் கேட்டேன். ஜீரோ ரோஸ்.

ஜீரோ ரோஸ் பாத்ததும் நான் எடுத்த அர்த்தம், இந்த டேட்டாபேஸ்ல ஃபாரின் கீயே இல்ல, பழைய டீம் எல்லாத்தையும் அப்ளிகேஷன் கோடுலயே பாத்துக்கிட்டாங்க போல. நம்ம ஊர் ஈஆர்பி பலதும் அப்படித்தான் இருக்கும்ங்கறதால சந்தேகமே வரல. லீட் அண்ணாகிட்ட "ஃபாரின் கீ எதுவும் இல்லண்ணா"ன்னு சொன்னேன். பார்ட்டி ஐடின்னு பேர் வச்ச காலம் எந்தெந்த டேபிள்ல இருக்குன்னு காலம்ஸ் வியூல தேடி, அங்கெல்லாம் டூப்ளிகேட் ஐடிய மாத்தி ஒரிஜினல் பார்ட்டி ஐடிய போட்டுட்டு, கடைசில டூப்ளிகேட்ட டெலீட் பண்ற ஸ்கிரிப்ட் எழுதுனேன். அண்ணா ஓனர் லாகின்ல ஓட்டுனாங்க. டெலீட் 46.

டிசி காணாமப் போனப்புறம் அண்ணா போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை அடிக்கற பிஎஸ்கியூஎல்லத் திறந்து, டேபிள் விவரம் காட்டுற பேக்ஸ்லாஷ் டி, பக்கத்துல பார்ட்டி டேபிள் பேர் அடிச்சாங்க. காலம் எல்லாம் வந்து, இன்டெக்ஸ் வந்து, கீழ "ரெஃபரன்ஸ்டு பை"ன்னு தலைப்பு போட்டு வரிசையா பதினோரு வரி. அதுல ஜாப் ஒர்க் டேபிள், அங்க காலம் பேர் பார்ட்டி ஐடி இல்ல, ஜேடபிள்யூ கோட். கடைசில "ஆன் டெலீட் கேஸ்கேட்". பார்ட்டி போனா அந்தப் பார்ட்டியோட டிசியும் கூடவே போகும்னு டிஃபைன் ஆயிருக்கு. டெலீட்டுக்கு அப்புறம் வர்ற எண்ணிக்கை நாம சொன்ன டேபிள்ல போன ரோவ மட்டும்தான் சொல்லும், கேஸ்கேட்ல அடுத்த டேபிள்ல எத்தன போச்சுன்னு சொல்லாது. அந்த 46 பொய் சொல்லல, பாதியத்தான் சொல்லுச்சு.

நான் என் லாகின்ல அதே பேக்ஸ்லாஷ் டி அடிச்சேன், எனக்கும் அந்த பதினோரு வரி வந்துச்சு! அப்ப ஏன் இன்ஃபர்மேஷன் ஸ்கீமால ஜீரோ? அன்னைக்கு மத்தியானம் போஸ்ட்கிரெஸ் டாக்குமென்ட்ட வரி விடாம படிச்சேன். டேபிள் கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் வியூ பக்கத்துல தெளிவா போட்டிருக்கு: அந்த டேபிளுக்கு நீங்க ஓனரா இருக்கணும், இல்லாட்டி செலக்ட் தவிர வேற ஏதாவது ஒரு உரிமை இருக்கணும், அப்பதான் கான்ஸ்ட்ரெயின்ட் தெரியும். எனக்குக் கொடுத்தது ரீட் ஒன்லி லாகின், செலக்ட் மட்டும்தான். அதனால காலம்ஸ் வியூ முழுசா காட்டுச்சு, கான்ஸ்ட்ரெயின்ட் வியூ ஒண்ணுகூட காட்டல. எரர் வராது, பர்மிஷன் டினைடுன்னு வராது, சும்மா ஜீரோ ரோஸ்னு வரும். "இல்ல"ங்கறதும் "உனக்குக் காட்ட மாட்டேன்"ங்கறதும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். நான் மாட்டுனது இந்த இடத்துலதான்.

ரிலேஷனல் மாடல 1970ல எழுதுன எட்கர் காட், ஐபிஎம்ல இருந்தவர், 1985ல கம்ப்யூட்டர்வேர்ல்டு பத்திரிகைல எது உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸ்னு விதி எழுதுனார், 12 விதின்னு சொல்வாங்க. நாலாவது விதியே இந்தக் கேட்டலாக் பத்திதான். டேட்டாபேஸோட விவரமும் சாதாரண டேட்டா மாதிரியே வச்சிருக்கணும், அதே மொழில கேட்டா பதில் வரணும்னு சொல்றார். காலேஜ்ல நான் இத மனப்பாடம் பண்ணி எழுதுனவதான். ஆனா அந்த விதிலயே கேக்குறது யாருன்னா "அனுமதி உள்ள பயனாளர்"னு ஒரு வார்த்தை இருக்கு, அன்னைக்குத்தான் அந்த வார்த்தை என் கண்ணுல பட்டுச்சு.

சரி, ரீட் ஒன்லி லாகின்ல போஸ்ட்கிரெஸ்ல ஃபாரின் கீய எப்படி முழுசா எடுக்கறது? இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவ விட்டுட்டு பிஜி கேட்டலாக்குக்குப் போங்க, அதுதான் போஸ்ட்கிரெஸ் தனக்காக எழுதி வச்சுக்கற ஒரிஜினல் நோட்டு. பிஜி_கான்ஸ்ட்ரெயின்ட்ல கான்டைப் எஃப்னு இருக்கறது ஃபாரின் கீ. கான்ஃபிரெல்ஐடிங்கறது எந்த டேபிள நோக்கி கை நீட்டுதுங்கறது, கான்ரெல்ஐடிங்கறது எந்த டேபிள்ல இருந்துங்கறது. கான்ஃப்டெல்டைப்ல ஒரு எழுத்து இருக்கும், சி இருந்தா கேஸ்கேட், என் இருந்தா நல் ஆக்கிடும், ஏ இருந்தா நோ ஆக்ஷன், அதாவது குழந்தை ரோ இருந்தா டெலீட்ட விடாது. நம்பரா வர்ற ஐடிக்குப் பக்கத்துல ரெண்டு கோலன் போட்டு ரெக்கிளாஸ்னு எழுதுனா டேபிள் பேரா மாறிடும். பிஜி கெட் கான்ஸ்ட்ரெயின்ட் டெஃப்னு ஒரு பங்ஷன் இருக்கு, ஐடி கொடுத்தா முழு டெஃபனிஷனையும் எஸ்கியூஎல்லாவே திருப்பிக் கொடுக்கும். இப்பல்லாம் எந்த டேபிள்ல டெலீட் போடறதுக்கு முன்னாடியும் சி எழுத்து உள்ளதெல்லாம் எடுத்துப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலை. இன்னொண்ணு, இன்ஃபர்மேஷன் ஸ்கீமால கான்ஸ்ட்ரெயின்ட் பேர வச்சு ஜாயின் போட்டா, போஸ்ட்கிரெஸ்ல ஒரே பேர் ரெண்டு டேபிள்ல இருக்கலாங்கறதால ரோ ரெட்டிப்பா வரும், அதுலயும் ஒரு நாள் போச்சு. இன்டெக்ஸும் மெட்டீரியலைஸ்ட் வியூவும் அங்க இருக்கவே இருக்காது, ஸ்டாண்டர்ட்ல அதெல்லாம் கிடையாது.

பிஜி கேட்டலாக்ல பேரெல்லாம் சுருக்கமா, மொதல்ல பாத்தா தலை சுத்தும். எனக்கு வழி காட்டுனது ஒரு சின்ன சாவி: பிஎஸ்கியூஎல்ல ஆரம்பிக்கும்போதே மைனஸ் கேப்பிடல் இ போட்டு ஆரம்பிங்க. அப்புறம் நீங்க பேக்ஸ்லாஷ் டி அடிச்சாலும் பேக்ஸ்லாஷ் டிஎஃப் அடிச்சாலும், பின்னாடி அது என்ன கொய்ரி ஓட்டுதோ அத அப்படியே ஸ்கிரீன்ல காட்டும். அதக் காப்பி பண்ணி, வேண்டாதத வெட்டி, நம்ம கொய்ரியா மாத்திக்கலாம். புத்தகத்துல தேடாம கத்துக்கிட்டதுல பாதி இப்படித்தான்.

அப்படி நானா ஒரு கொய்ரி எழுதி பிஜி_ஆட்ரிபியூட்ல காலம் எண்ணுனப்ப, பார்ட்டி டேபிள்ல பேக்ஸ்லாஷ் டி காட்டுறத விட எட்டு ஒம்பது காலம் கூட வந்துச்சு. எட்டிப் பாத்தா கொஞ்சம் மைனஸ் நம்பர் போட்டது, அது ஒவ்வொரு டேபிள்லயும் போஸ்ட்கிரெஸ் தானே வச்சுக்கற சிஸ்டம் காலம். மீதி ரெண்டுல ஒண்ணோட பேரே "........பிஜி.டிராப்டு.7........"னு ரெண்டு பக்கமும் எட்டெட்டு புள்ளியோட இருக்கு. யாரோ எப்பவோ டிராப் பண்ண காலம். டிராப் பண்ணா போஸ்ட்கிரெஸ் டேபிளத் திருப்பி எழுதாது, இது செத்ததுன்னு குறிச்சு வச்சுட்டு விட்டுடும், ஏழாம் நம்பர் இடம் காலியாவே நிக்கும். அதனால காலம் லிஸ்ட் எடுக்கும்போது ஆட்நம் ஜீரோவுக்கு மேல, ஆட்இஸ்டிராப்டு ஃபால்ஸ், இந்த ரெண்டையும் சேத்தே எழுதிப் பழகிக்கோங்க.

ஸ்கீமா விஷயமும் சொல்லணும், டேட்டாபேஸுக்குள்ள டேபிளப் பிரிச்சு வைக்கிற ஃபோல்டர் மாதிரி அது. பேக்ஸ்லாஷ் டிடி அடிச்சா வர்ற டேபிள் லிஸ்ட் முழு லிஸ்ட் கிடையாது. சர்ச் பாத்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கற ஸ்கீமாவோட டேபிள மட்டும்தான் காட்டும், சாதாரணமா அது பப்ளிக். எங்க சிஸ்டத்துல டையிங் யூனிட்டுக்குன்னு தனி ஸ்கீமா, பழைய வருஷத்துக்குன்னு தனி ஸ்கீமா இருந்துச்சு. பேக்ஸ்லாஷ் டிஎன் அடிச்சு மொதல்ல ஸ்கீமா எத்தனன்னு பாருங்க, அப்புறம் டிடிக்குப் பக்கத்துல ஸ்டார் புள்ளி ஸ்டார் போடுங்க. ஒரே பேர்ல ரெண்டு ஸ்கீமாவுல டேபிள் இருந்தா, ஸ்கீமா பேர் போடாத கொய்ரி எதத் தொடும்னு சர்ச் பாத் வரிசைதான் முடிவு பண்ணும், ஆளுக்கு ஆள் அது வேறயாவும் இருக்கலாம்.

அடுத்தது ட்ரிக்கர். டிசி போட்டா ஸ்டாக் தானா குறையுது, அப்ளிகேஷன் கோட்ல எங்க தேடினாலும் அந்த வரி இல்ல. இன்ஃபர்மேஷன் ஸ்கீமா ட்ரிக்கர்ஸ் வியூவும் ஃபாரின் கீ மாதிரியேதான், செலக்ட் மட்டும் உள்ளவங்களுக்குக் காட்டாது. பிஜி_ட்ரிக்கர்ல போய் பாத்தா நூத்துக்கணக்குல வந்துச்சு, பயந்துட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது, ஃபாரின் கீயக் காவல் காக்க போஸ்ட்கிரெஸ் தானே வைக்கிற உள் ட்ரிக்கர் எல்லாம் அதுல இருக்கு. டிஜி இஸ் இன்டர்னல் ஃபால்ஸ்னு வடிகட்டுனா மனுஷங்க எழுதுனது மட்டும் நிக்கும், எங்களுக்கு 23 நின்னுச்சு. ஒவ்வொண்ணும் கூப்பிடற பங்ஷனோட கோடு பிஜி_ப்ராக்ல ப்ரோஎஸ்ஆர்சி காலத்துல டெக்ஸ்ட்டாவே இருக்கு, அதுல டேபிள் பேர லைக் போட்டுத் தேடலாம். ஸ்டாக் குறைக்கிற வரி அங்கதான் கெடச்சுது.

மைஎஸ்கியூஎல் பக்கம் வந்தா சுலபம், ஷோ கிரியேட் டேபிள் ஒண்ணு போதும், டேபிள் இப்ப எப்படி நிக்குதோ அப்படியே எழுதிக் காட்டும். அங்க நான் கத்துக்கிட்ட பாடம் வேற. பழைய டீம் விட்டுட்டுப் போன எஸ்கியூஎல் ஃபைல்ல சம்பள டேபிளுக்கு ஃபாரின் கீயும் இருக்கு, நாள் கணக்கு 31க்கு மேல போகக்கூடாதுன்னு செக்கும் இருக்கு. ஷோ கிரியேட் டேபிள் போட்டா ரெண்டும் இல்ல. காரணம், டேபிள் மைஐசாம் இன்ஜின் (மைஎஸ்கியூஎல்ல டேபிள சேமிக்கற முறைல ஒண்ணு), அது ஃபாரின் கீ எழுதுனா எரர் சொல்லாம வாங்கிக்கும், ஆனா வைக்காது. செக்கும் அப்படித்தான், மைஎஸ்கியூஎல் 8.0.16 வர்றதுக்கு முன்னாடி வரைக்கும் படிச்சுட்டு தூக்கிப் போட்டுடும். எழுதுனவர் காவல் போட்டுட்டோம்னு நம்பிப் போயிருப்பார், அந்த டேபிள்ல 34 நாள் வேலை பாத்த ஆள் ஒருத்தர் இருந்தார். ஃபைல்ல எழுதுனது வேற, டேபிள்ல நிக்கிறது வேற. கேட்டலாக்கைக் கேக்காம ஃபைல நம்பாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். அப்புறம், இன்னோடிபிங்கற இன்னொரு இன்ஜின்ல உள்ள டேபிளுக்கு இன்ஃபர்மேஷன் ஸ்கீமால வர்ற டேபிள் ரோஸ் எண்ணிக்கை மதிப்பீடுதான், அத ரிப்போர்ட்ல போட்டுக் கொடுத்துடாதீங்க, வேணும்னா கவுன்ட் போட்டே எண்ணுங்க. போஸ்ட்கிரெஸ்ல ரோ எண்ணிக்கை காட்டுற ரெல்டூப்பிள்ஸும் அதே கதை.

ஆரக்கிள்ல வேலை பாக்குற ஃப்ரெண்ட் ஒருத்தி, இதே மாதிரி ஒரு சம்பவம் சொன்னா. அங்க இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவே கிடையாது, யூசர், ஆல், டிபிஏன்னு மூணு அடைமொழில வியூ இருக்கும். ஆல் டேபிள்ஸ்னு பாத்ததும் எல்லா டேபிளும் வருதுன்னு நினைச்சுட்டாளாம், அது "நீ தொடக்கூடிய எல்லாம்"னு அர்த்தம், உண்மையிலேயே எல்லாமும் டிபிஏ டேபிள்ஸ்லதான். அதோட ஆரக்கிள் பேரெல்லாம் கேப்பிடல்ல வச்சிருக்கும், நீங்க சின்ன எழுத்துல தேடுனா ஜீரோ ரோஸ், போஸ்ட்கிரெஸ்ல நேர் எதிர். எஸ்கியூஎல் சர்வர்ல இன்ஃபர்மேஷன் ஸ்கீமா ரொட்டீன்ஸ்ல ப்ரொசீஜர் கோடு 4000 எழுத்தோட வெட்டுப்பட்டு நிக்கும், முழுசா வேணும்னா சிஸ் எஸ்கியூஎல் மாட்யூல்ஸ் வியூவுக்குப் போகணும். எஸ்கியூலைட்டுக்கு யூசர், உரிமை எதுவும் கிடையாது, எஸ்கியூலைட் மாஸ்டர்னு ஒரே டேபிள்ல கிரியேட் வாக்கியமே டெக்ஸ்ட்டா இருக்கும்.

இன்னொரு இடத்துல மயிரிழைல தப்பிச்சேன். எந்த டேபிள் உபயோகத்துல இருக்கு, எது சும்மா கெடக்குன்னு பாக்க பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் நல்ல வழி, எத்தன தடவ படிச்சாங்க, எழுதுனாங்கன்னு எண்ணி வச்சிருக்கும். ஏழு மாசம் ஒரு தடவ கூட யாரும் தொடாத ஒரு டேபிள செத்த லிஸ்ட்ல போட்டுட்டேன். அக்கவுன்ட்ஸ் அக்கா லிஸ்டப் பாத்துட்டு "ஐயோ இது வருஷக் கடைசில க்ளோசிங் ஸ்டாக் போடறதும்மா, மார்ச்சுலதான் திறப்போம்"னாங்க. நான் பாத்தது ஏப்ரல்ல கவுன்ட்டர ரீசெட் பண்ணதுக்கு அப்புறம் உள்ள கணக்கு. ஒரு நிதி வருஷம் முழுசா ஓடி முடியாம எந்த டேபிளையும் செத்ததுன்னு சொல்லக்கூடாதுன்னு எங்க டீம்ல இப்ப ஒரு வழக்கமே ஆயிடுச்சு.

இதெல்லாம் ஆனப்புறம் தினமும் ராத்திரி பிஜி டம்ப்ங்கற டூல்ல ஸ்கீமா ஒன்லி போட்டு, டேட்டா இல்லாம அமைப்ப மட்டும் எடுத்து, அந்த டெக்ஸ்ட்ட, ஃபைல்ல என்ன மாறுச்சுன்னு காட்டுற கிட்ல ஏத்திடறோம். யாராவது நேரா டேட்டாபேஸ்ல போய் ஒரு இன்டெக்ஸோ காலமோ சேத்தா காலைல டிஃப்ல தெரிஞ்சுடும். டம்ப் எடுக்கற லாகினுக்கு ஓனர் உரிமை வாங்கி வச்சுட்டோம்.

கேட்டலாக்ல இல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, அர்த்தம். டிசி டேபிள்ல ஃபிளாக் டூன்னு ஒரு காலம், ஸ்மால் இன்ட், நல் கூடாது, டிஃபால்ட் ஜீரோ, இது வரைக்கும் கேட்டலாக் சொல்லும். உள்ள 0, 1, 2, 4 இருக்கு, 3 இல்ல. எக்செல்ல இல்ல, கோட்ல இருக்கறது வெறும் நம்பர். பேக்ஸ்லாஷ் டிக்குப் பக்கத்துல ஒரு ப்ளஸ் போட்டு அடிச்சா கடைசில டிஸ்கிரிப்ஷன்னு ஒரு காலம் கூட வரும், காமென்ட் ஆன் காலம்னு போட்டு யாராச்சும் குறிப்பு எழுதியிருந்தா அதுல தெரியும், சேமிக்கறது பிஜி_டிஸ்கிரிப்ஷன்ல. முந்நூத்துக்கும் மேல டேபிள் இருந்ததுல மொத்தமா குறிப்பு இருந்தது ஒரே ஒரு காலத்துக்கு, இந்த ஃபிளாக் டூவுக்கு. "4 = ஷேடு மாறி ரீடையிங் போனது. 3 உபயோகிக்காதீங்க." எழுதுனது யாருன்னு தெரியாது, எனக்கு முன்னாடி அந்த சீட்ல உக்காந்திருந்தவங்க யாரோ.

1ம் 2ம் என்னன்னு ஸ்டோர் அண்ணன்கிட்டப் போய் கேட்டேன். டிசி புக்க எடுத்து வச்சு ஒவ்வொண்ணா சொன்னாரு, "ஒண்ணுன்னா துணி போயிருக்குது கண்ணு, ரெண்டுன்னா பாதி திரும்பி வந்திருக்குது". 3 என்னாச்சுன்னு கேட்டதுக்கு, முன்ன ஒரு யூனிட்டுக்காக வச்சது, அந்த யூனிட்டையே மூடிட்டாங்கன்னாரு. அவரு சொல்லச் சொல்ல அங்கயே லேப்டாப்ல காமென்ட் ஆன் காலம் எழுதி ஏத்துனேன். அன்னைல இருந்து ஜாப் ஒர்க் பக்கம் முடிச்சாச்சு, டையிங் ஸ்கீமால பாதி முடிஞ்சிருக்கு, வாரா வாரம் சனிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் அவரு எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்காரு.